பல் போனால்

பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டே
ஐந்து மாதம் ஓடியது என் மோட்டார் சைக்கிள்.

பல்செட் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.
ரிவேராவில் நெலிடா பெந்தான்கூரின் பட்டறையிலிருந்து
ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் தக்வாரெம்போ வரை.
முள் செத்த பிறகு
பையிலிருந்த பற்களைக் கேட்டுத்தான் ஓட்டினேன்.
மெதுவாகப் போனால் வாய் மூடியிருக்கும்.
அறுபதில் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் கிடுகிடுக்கும்.
எண்பதில் சிரிக்கும்
ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து, முகம் இல்லாமல்.

ஒருநாள் போலீஸ்காரர் மறித்தார்.
எவ்வளவில் வந்தாய்?
கிடுகிடுப்புக்குக் கொஞ்சம் கீழே
என்றா சொல்ல முடியும்?
ஐம்பது என்றேன்.
செத்த முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

வண்டி வாங்கியது பிரேசிலில்.
எங்கள் ஊரில் அது ஒரு தெருவைத் தாண்டினால் வந்துவிடும்.
கடைக்காரன் காகிதத்தை விரித்தான்:
இருபத்துநான்கு மாதம்
அல்லது இருபதாயிரம் கிலோமீட்டர்,
எது முந்துகிறதோ அது.
பத்தொன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு,
இன்னும் மிச்சம் இருக்கிறதே என்றேன்.
நின்றுபோனதால்தானே மிச்சம் என்றான்.
நாள்காட்டி முந்திவிட்டது, பதினொரு நாள்.
அந்தக் கடையை நான் தினமும் கடந்தவன்,
நாளைக்கு, நாளைக்கு என்று.

மீட்டர் முழுசாக சாவோ பாவ்லோவிலிருந்து வர வேண்டுமாம்.
விலையை வாயால் சொல்லக் கூசி
எழுதிக் காட்டினான்.

கழற்று, பார்க்கலாம் என்றாள் நெலிடா.
முன்சக்கரத்தின் குடத்துக்குள்ளிருந்து வந்தது
நகத்தளவு பிளாஸ்டிக் சக்கரம், கிரீஸில் கறுத்து.
பழைய பிரஷ்ஷால் துலக்கினாள்.
விளக்கை இழுத்தாள்.
மூன்று பல் இல்லை தார்தோ,
ஒன்று வேரில் ஆடுகிறது.

பல் போனால் சொல் போகும் என்பார்கள்.
எனக்கு வேகம் போயிருந்தது.

நல்ல பற்களின்மேல் மெழுகை அழுத்தி அச்செடுத்தாள்.
பிறகு நிற அட்டையை எடுத்து
ஜன்னல் பக்கம் போனாள்.
இருட்டுக்குள் சுற்றப்போகிறது,
எந்த நிறமானால் என்ன என்றேன்.
பதில் இல்லை.
சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தரும்
மங்கிய மஞ்சளில் விரல் நின்றது.

குழைத்து, ஊற்றி, இறுகவிட்டு, அராவி
அவள் முடித்தபோது
இரண்டாம் முறை ஊற்றிய மாத்தேயும் ஆறியிருந்தது.
சக்கரத்தைக் கையால் சுழற்றினேன்.
தூக்கத்தில் தன் பெயரைக் கேட்டவன்போல்
முள் பத்து வரைக்கும் எழுந்து
மறுபடி படுத்தது.

ஒரு நாள் முழுக்கக் கடினமாக எதையும்
கடிக்க விடாதே என்றாள்.
உத்தரவாதம் உண்டா?
அதெல்லாம் கிடையாது, வலித்தால் வா.

தெருமுனை தாண்டும்போது
பன்னிரண்டு பதின்மூன்றானது.
நடுவில் ஓடிய ஐந்து மாதம் எங்கும் இல்லை.
ஒலெகாரியோவின் கீழ்த்தாடையோடு
மூன்று முறை போய்த் திரும்பியது இல்லை.
அண்ணன் விழுந்துவிட்டான் என்று போன் வந்த இரவு,
தக்வாரெம்போ ஆஸ்பத்திரிக்கு ஓடியது இல்லை.
அன்றைக்குப் பை காலி.
எவ்வளவில் போனேன் என்று சொல்ல
ஒரு பல்கூட இல்லை.
போய்ச் சேர்ந்தபோது
சூப் குடித்துக்கொண்டிருந்தான்.
என்ன அவசரம் என்று கேட்டான்.

மறுநாள் முதல் நடை.
பையில் நான்கு மேல்வரிசை, இரண்டு கீழ்வரிசை.
மேட்டில் ஏறி இறங்கும்போது
கிடுகிடுக்கத் தொடங்கின.
முள்ளைப் பார்த்தேன்: ஐம்பத்திரண்டு.

அப்படியானால் அந்தச் சிரிப்பெல்லாம்
எண்பதே இல்லை.
போலீஸ்காரரிடம் சொன்னதும்
உண்மைதான் போலிருக்கிறது.